அபுகிடா: தமிழ் ‘ஆல்ஃபபெட்’ இல்லை என்றால் வேறு என்ன?

கொஞ்ச நாள் முன்பு ஓர் இணையப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தில் தமிழிலேயே எழுதலாம் என்று போட்டிருந்தது. ஆசையாகத் ‘திருநெல்வேலி’ என்று தட்டினேன். ஏற்கவில்லை. 10 எழுத்துக்கு மேல் கூடாது என்று சிவப்பில் ஒரு வரி வந்து நின்றது. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். தி, ரு, நெ, ல், வே, லி. ஆறுதான். சும்மா சோதிக்க ‘மதுரை’ என்று போட்டேன், சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. மதுரைக்காரர்களுக்கு மட்டும் எல்லாம் எப்படித்தான் நடக்கிறதோ என்று முணுமுணுத்துவிட்டு, ‘நெல்லை’ என்று போட்டு வேலையை முடித்தேன்.

அப்புறம் பார்த்தால், கணினி அந்தப் பெயரை 12 என்று எண்ணியிருக்கிறது. அதே ஊரை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து. ஒரே ஊர், மூன்று கணக்கு: 6, 11, 12. மூன்றில் எதுவும் தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. ‘எழுத்து’ என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. அதைப் புரிந்துகொள்ள ‘அபுகிடா’ என்று ஒரு சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் புழங்கும் சொல், ஆனால் ஆங்கிலத்தில் பிறந்ததில்லை. நம் எழுத்துக்கு உலகம் வைத்திருக்கும் வகைப்பெயர் அது. நம்மில் பலருக்கு அது தெரியாது.

முதலில் ‘ஆல்ஃபபெட்’ சங்கதி

“இங்கிலீஷில் 26 ஆல்ஃபபெட்ஸ், தமிழில் 247 ஆல்ஃபபெட்ஸ்.” பள்ளி விழா மேடைகளில் இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. இதில் இரண்டு குழப்பம் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கிறது.

ஒன்று, ஆல்ஃபபெட் என்பது தனி எழுத்துக்குப் பெயர் இல்லை. மொத்தத் தொகுதிக்குப் பெயர். ஒரு மாலையில் 26 பூ இருந்தால் அது ஒரே மாலைதான். 26 மாலை ஆகாது. அதுபோல ஆங்கிலத்தில் ஓர் ஆல்ஃபபெட், அதில் 26 எழுத்து. நாம் எழுத்தையே ஆல்ஃபபெட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்தியா முழுக்க இப்படித்தான் சொல்கிறார்கள், அதனால் இதற்காக யாரிடமும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். அந்தச் சொல்லுக்குத் தளர்வான பொருள் ஒன்று, கறாரான பொருள் ஒன்று என்று இரண்டு உண்டு. தளர்வாகச் சொன்னால் எந்த மொழியின் எழுத்துத் தொகுதியும் ஆல்ஃபபெட்தான். கறாராகச் சொன்னால், உயிரொலிக்கும் மெய்யொலிக்கும் சரிசமமாகத் தனித்தனி எழுத்து வைத்து, அவற்றை வரிசையாக நிறுத்தி எழுதும் முறைக்கு மட்டுமே அந்தப் பெயர். ஆங்கிலம், கிரேக்கம், ரஷ்யன் எல்லாம் அந்த வகை. தமிழ் அந்த வகை இல்லை.

சரி, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தின் முதல் இரண்டு எழுத்துகளின் பெயர் ஆல்ஃபா, பீட்டா. இரண்டையும் ஒட்டினால் ஆல்ஃபபெட். ஆனால் கிரேக்கர்களுக்கே அந்தப் பெயர்களுக்கு அர்த்தம் தெரியாது. அவை அவர்கள் ஃபினீசியரிடம் வாங்கியவை. ஃபினீசியர் என்போர் இன்றைய லெபனான் கடற்கரையில் வாழ்ந்த வணிகர்கள். அவர்கள் மொழியில் ‘ஆலெப்’ என்றால் எருது, ‘பேத்’ என்றால் வீடு. ஆக, ஆல்ஃபபெட் என்பதை அப்படியே தமிழாக்கினால் ‘மாடு-வீடு’!

இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை. ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஏ’யைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். இரண்டு கொம்பும் கூரான முகமுமாக மாட்டுத்தலை தெரியும். எகிப்தின் சினாய்ப் பகுதியில் செராபித் எல்-காதிம் என்ற இடத்தில் டர்க்காய்ஸ் எனும் நீலப்பச்சைக் கல் வெட்டிய பழைய சுரங்கங்கள் உண்டு. அங்கே 1905இல் தொல்லியலாளர் ஃப்ளிண்டர்ஸ் பெட்ரி கண்டெடுத்த பாறைக் கிறுக்கல்களில் அந்த மாட்டுத்தலை கண்ணும் கொம்புமாகவே இருக்கிறது. அவை 3,500 ஆண்டுகளுக்கும் பழையவை. 1916இல் எகிப்தியவியல் அறிஞர் ஆலன் கார்டினர் அவற்றில் ஒரு சொல்லைப் படித்துக் காட்டினார்: ‘பஅலத்’, அதாவது தலைவி, ஒரு பெண் தெய்வத்தின் பட்டம்.

அவர் எப்படிப் படித்தார்? ஒரு பொருளைப் படமாகப் போடு, அதன் பெயரின் முதல் ஒலியை மட்டும் எடுத்துக்கொள். அவ்வளவுதான் சூத்திரம். நம் பிள்ளைகள் புத்தகத்தில் ‘அ’வுக்கு அம்மா, ‘ஆ’வுக்கு ஆடு என்று படம் இருக்கிறதே, அதைத் திருப்பிப் போட்டதுபோல. ஆடு படம் போட்டிருந்தால் ‘ஆ’ என்று வாசி. வீடு படம் போட்டால் ‘பேத்’தின் ‘ப்’.

ஃபினீசியரிடம் இருந்தவை 22 எழுத்து. அத்தனையும் மெய். உயிருக்கு எழுத்தே கிடையாது. கிரேக்கர்கள் அதைக் கடன் வாங்கியபோது சில எழுத்துகள் வேலையில்லாமல் நின்றன. அந்த ஒலிகள் கிரேக்கத்தில் இல்லை. உதாரணமாக ‘ஆலெப்’ குறித்தது தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியை. அது கிரேக்கர் காதில் விழவே இல்லை போலும். அதற்கு அடுத்து வந்த ‘ஆ’தான் கேட்டது. சும்மா நின்ற எழுத்தை உயிருக்குப் பூட்டிவிட்டார்கள். கி.மு. 8ஆம் நூற்றாண்டுவாக்கில் நடந்த இந்த ஒட்டுவேலையில்தான் உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி எழுத்து என்ற ஏற்பாடு அந்த மரபில் வந்தது.

இதுவரை பார்த்தது: ஆல்ஃபபெட் என்றால் மொத்தத் தொகுதி. கறாராகப் பார்த்தால், உயிரும் மெய்யும் தனித்தனியாக நிற்கும் தொகுதி. பெயர் முதல் இரண்டு எழுத்திலிருந்து வந்தது.

டீக்கடைக்கு ஒரு நடை

எழுத்து வகைகளைப் பிரித்துக் காட்ட டீக்கடையை விட நல்ல இடம் எனக்குத் தோன்றவில்லை.

பெரிய ஓட்டலில் டீ சொன்னால் ஒரு தட்டு வரும். அதில் டிகாஷன் தனி, பால் தனி, சர்க்கரை தனி. நீங்களே கலந்துகொள்ள வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரியும். இது ஆல்ஃபபெட். மெய் ஒரு கிண்ணம், உயிர் ஒரு கிண்ணம்.

தெருமுனைக் கடையில் “மாஸ்டர், ஒரு டீ” என்றால் சர்க்கரை போட்டுத்தான் வரும். யாரும் “சர்க்கரை போட்ட டீ” என்று கேட்பதில்லை. வேண்டாம் என்றால்தான் வாயைத் திறக்க வேண்டும்: “சர்க்கரை இல்லாம ஒண்ணு.” மாற்ற வேண்டும் என்றாலும் சொல்ல வேண்டும்: “கருப்பட்டி போட்டு ஒண்ணு.” சொல்லாமல் விட்டால் என்ன வருமோ, அதுதான் அந்தக் கடையின் இயல்பு. இதுதான் அபுகிடா. ‘க’ என்று எழுதினாலே உள்ளே ‘அ’ கரைந்திருக்கிறது.

மூன்றாவது, தினமும் வருகிறவரின் டீ. அவர் வாயே திறக்க மாட்டார். கிளாஸ் தானாக வரும். சர்க்கரை உண்டா, எவ்வளவு, எல்லாம் மாஸ்டருக்குத் தெரியும். புது ஆள் வந்து அதேபோல் உட்கார்ந்தால் திண்டாட வேண்டியதுதான். இது அப்ஜத். மெய்யை மட்டும் எழுதிவிட்டு, உயிரைப் படிப்பவர் ஊகத்துக்கு விட்டுவிடும் முறை.

786இல் ஒளிந்திருக்கும் அப்ஜத்

அப்ஜத்தை நாம் தினமும் பார்க்கிறோம், பெயர்தான் தெரியாது. ஆட்டோக் கண்ணாடியில், கடைப் பலகையில் 786 என்று எழுதியிருக்கும் இல்லையா? அதன் கணக்கு அப்ஜத் கணக்குதான்.

அரபியின் பழைய எழுத்து வரிசை அலிஃப், பா, ஜீம், தால் என்று தொடங்கும். முதல் நான்கையும் சேர்த்து வாசித்தால் ‘அப்ஜத்’. இந்தப் பழைய வரிசைப்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு: அலிஃப் 1, பா 2, ஜீம் 3, தால் 4 என்று போகும். ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்பதில் உள்ள எழுத்துகளின் எண்களைக் கூட்டினால் 786. சொல் சொல்லாகப் பிரித்தால் 102, 66, 329, 289.

முதல் சொல்லை மட்டும் கூர்ந்து பாருங்கள். ‘பிஸ்மி’ என்று இரண்டு முறை ‘இ’ ஒலிக்கிறது. ஆனால் கணக்கு பா 2, ஸீன் 60, மீம் 40, மொத்தம் 102. ‘இ’க்கு ஒரு பைசாகூட இல்லை! ஏனென்றால் அங்கே ‘இ’க்கு எழுத்தே இல்லை. எழுத்து இல்லாததற்கு எண் ஏது?

குர்ஆனில் அந்த உயிர்களைக் காட்ட மேலும் கீழும் சிறு கோடுகள் இருக்கும். மதரசாவில் ஓதியவர்கள் ஸபர், ஸேர், பேஷ் என்று சொல்வது அதைத்தான். ஆனால் அரபு நாளிதழில் அவற்றைப் பொதுவாகப் போட மாட்டார்கள். நெடிலுக்கு மட்டும் எழுத்து வரும், குறிலை நீங்களே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

இது எப்படிச் சாத்தியம் என்று நமக்குத் தோன்றும். அரபியில் சொல்லின் உயிர்நாடி மெய்களில் இருக்கிறது. க்-த்-ப் என்ற மூன்று மெய்யும் எழுதுதலைக் குறிக்கும். கிதாப் என்றால் புத்தகம், காதிப் என்றால் எழுதுபவர், கதப என்றால் எழுதினான். இடத்தைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். தமிழில் இந்த ஆட்டம் செல்லாது. ம்-ல் என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் மலையா, மாலையா, மூலையா, மேலா, மாலா? நம்மிடம் உயிரை விட்டால் சொல்லே போய்விடும்.

குறுக்கே வாசித்த பெயர்

இப்போது அபுகிடா. பெயரைக் கேட்டால் ஆப்பிரிக்கச் சாயல் அடிக்கும். சரிதான், அது எத்தியோப்பியப் பெயர்.

எத்தியோப்பியாவில் கீயஸ் என்று ஒரு பழைய மொழி. இன்று அது தேவாலய மொழி. அதன் எழுத்தில்தான் இன்றும் அம்ஹாரிக், திக்ரின்யா மொழிகளை எழுதுகிறார்கள். முதலில் அதுவும் மெய் மட்டுமே எழுதும் முறையாகத்தான் இருந்தது. 4ஆம் நூற்றாண்டில், அக்சும் நாட்டை எசானா ஆண்ட காலத்தை ஒட்டி, மெய்யெழுத்தின் உடலிலேயே சிறு மாற்றம் செய்து உயிரைக் காட்டத் தொடங்கினார்கள். ஒரு காலை நீட்டுவது, ஒரு பக்கம் கோடு இழுப்பது, வளையம் போடுவது. ஒவ்வொரு மெய்க்கும் ஏழு வடிவம். 26 மெய்யை ஏழால் பெருக்கினால் 182. கேட்ட கதை மாதிரி இருக்கிறதா? 18 மெய்யைப் பன்னிரண்டால் பெருக்கி 216 சொல்கிறோமே, அதே கதைதான்.

அந்த ஊர்ப் பிள்ளைகள் வழக்கமாக ஒப்பிப்பது ‘ஹ, ஹு, ஹி...’ என்று தொடங்கும் வரிசை. அது தவிர, எபிரேயம், கிரேக்கம் போன்றவற்றின் வரிசையைத் தழுவிய இன்னொன்றும் உண்டு. அதன் முதல் நான்கு எழுத்துதான் அ, பு, கி, டா. இதில் ஓர் அழகு இருக்கிறது. முதல் மெய்க்கு முதல் உயிர், இரண்டாம் மெய்க்கு இரண்டாம் உயிர், மூன்றாவதுக்கு மூன்றாவது, நான்காவதுக்கு நான்காவது. அதாவது அட்டவணையை நேராகவோ மேலிருந்து கீழாகவோ வாசிக்காமல், மூலையிலிருந்து குறுக்கே வாசிக்கிறார்கள். நம் உயிர்மெய் அட்டவணையை அப்படி வாசித்தால் க, ஙா, சி, ஞீ என்று வரும். மெய் மாற மாற உயிரும் மாறும் என்ற விஷயம் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வகைக்கு இதை விடப் பொருத்தமான பெயர் கிடைக்காது என்பது என் எண்ணம்.

(உச்சரிப்புக்கு ஒரு சின்ன விஷயம்: அந்த மொழியில் கடைசி எழுத்து ‘வந்தான்’ என்பதில் வரும் ‘தா’வைப் போன்றது. ஆங்கிலம் வழியாக வந்ததால் நாம் ‘டா’ போடுகிறோம்.)

இந்தப் பெயரை உலக எழுத்து வகை ஒன்றுக்குச் சூட்டியவர் அமெரிக்க மொழியியலாளர் பீட்டர் டி. டேனியல்ஸ், 1990இல். அப்ஜத் என்பதையும் வகைப்பெயராக்கியவர் அவரே. அதுவரை என்ன சொன்னார்கள்? அரை அசையெழுத்து என்றார்கள், போலி ஆல்ஃபபெட் என்றுகூடச் சிலர் சொன்னார்கள். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு நினைப்பு இருந்தது. 1952இல் ஐ.ஜே. கெல்ப் எழுதிய புகழ்பெற்ற நூல், எழுத்து என்பது சொல்லெழுத்தில் தொடங்கி, அசையெழுத்தாகி, கடைசியில் ஆல்ஃபபெட்டாக முதிரும் என்றது. அந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் இந்திய எழுத்துகள், எத்தியோப்பிய எழுத்து எல்லாம் பாதி வழியில் நின்றுபோனவை ஆகிவிடும். டேனியல்ஸ் அதை ஏற்கவில்லை. இவை பாதி வெந்தவை அல்ல, தனி வகைகள். தனி வகைக்குத் தனிப் பெயர் வேண்டும் என்றார்.

எல்லோரும் உடனே ஒத்துக்கொண்டார்கள் என்று இல்லை. வில்லியம் பிரைட் என்பவர் ‘ஆல்ஃபாசிலபரி’ என்று வேறு பெயரும் கொஞ்சம் வேறுபட்ட வரையறையும் சொன்னார். இன்றும் இரண்டும் புழங்குகின்றன. தமிழ் எந்தப் பெயரின் கீழும் சரியாகப் பொருந்துவதால் அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

சுருக்கமாக: ஆல்ஃபபெட், அப்ஜத், அபுகிடா மூன்றும் வரிசையின் முதல் எழுத்துகளை ஒட்டிச் செய்த பெயர்கள். முதலாவது உயிரைத் தனியாக எழுதும். இரண்டாவது பெரும்பாலும் விட்டுவிடும். மூன்றாவது மெய்யின்மேல் ஏற்றி எழுதும்.

தொல்காப்பியர் ஏற்கெனவே சொன்னது

அபுகிடாவின் இயக்கத்தை விளக்க நவீன மொழியியல் நூலைப் புரட்ட வேண்டியதில்லை. தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் நூன்மரபிலேயே இருக்கிறது.

“மெய்யின் இயற்கை புள்ளியொடு நிலையல்” என்கிறார். தனி மெய் என்றால் புள்ளி வேண்டும். அடுத்து:

“புள்ளி இல்லா எல்லா மெய்யும்
உருவுரு வாகி அகரமோடு உயிர்த்தலும்
ஏனை உயிரொடு உருவுதிரிந்து உயிர்த்தலும்
ஆயீ ரியல உயிர்த்த லாறே”

புள்ளி இல்லாத மெய், தன் உருவம் மாறாமல் நின்றால் அகரத்தோடு ஒலிக்கும். வேறு உயிர் வேண்டும் என்றால் உருவம் திரியும். இந்த இரண்டு வழிதான். டேனியல்ஸ் கொடுத்த வரையறையும் சாராம்சத்தில் இதுவேதான்: மெய்யெழுத்து ஒரு குறிப்பிட்ட உயிரோடு வரும், மற்ற உயிர்களை அதே எழுத்தில் செய்யும் மாற்றங்கள் காட்டும்.

இதில் மூன்று பாகம் இருக்கிறது. ‘க’வுக்குள் கரைந்திருக்கும் அகரம் ஒன்று. அதை உள்ளுறை உயிர் என்று வைத்துக்கொள்வோம். அதை மாற்றும் துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு போன்றவை இரண்டாவது. இவை உயிர்க்குறிகள். அதை நீக்கும் புள்ளி மூன்றாவது. ‘க’, ‘கி’, ‘க்’: சர்க்கரை போட்டது, கருப்பட்டி போட்டது, எதுவும் போடாதது.

பிராமி என்பது இந்தியாவின் மிகப் பழைய எழுத்து. அதிலிருந்து வந்த அநேகமாக எல்லா எழுத்துக்கும் இந்த எலும்புக்கூடு பொதுவானது. தேவநாகரி, தெலுங்கு, மலையாளம், சிங்களம், பர்மியம், திபெத்தியம் எல்லாம் அபுகிடாக்கள். பல்லவர் எழுத்தின் வழி வந்த கெமர், தாய் எழுத்துகளும் இந்தக் குடும்பம்தான். ஆனால் குடும்பத்துக்குள் குணம் மாறும். இந்தியில் ‘ராம’ என்று எழுதிவிட்டு ‘ராம்’ என்று படிப்பார்கள். கடைசி அகரத்தைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவார்கள். எங்கே விழுங்க வேண்டும் என்று படிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் அந்த வேலையே இல்லை. ‘ராம’ என்றால் ராம, ‘ராம்’ என்றால் ராம். அதேபோல் இரண்டு மெய் சேர்ந்து வந்தால் மற்ற எழுத்துகள் பலவற்றில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து புது உருவம் எடுக்கும். நாம் முதல் மெய்க்குப் புள்ளி வைத்துவிட்டு நடையைக் கட்டுவோம். நம்மிடம் ‘க்ஷ’, ‘ஸ்ரீ’ போல ஒன்றிரண்டு விருந்தாளிகள்தான் அப்படி.

அசையெழுத்தோடு குழப்ப வேண்டாம்

“கி என்பது ஓர் அசைதானே, அப்படியானால் தமிழ் அசையெழுத்துதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி.

அசையெழுத்து என்றால் ஒவ்வோர் அசைக்கும் சம்பந்தமே இல்லாத தனித்தனி உருவம். ஜப்பானியரின் கானா எழுத்து அந்த வகை. அதில் க, கி, கு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ‘க்’ என்ற பொது அடையாளம் எங்கும் தெரியாது. டீக்கடை மொழியில் சொன்னால், ஒவ்வொரு பானத்துக்கும் பட்டியலில் ஒரு புதுப் பெயர்; மனப்பாடம் செய்வது தவிர வழியில்லை. தமிழில் க, கா, கி, கீ வரிசையில் ‘க’வின் முகம் மாறவே இல்லை. ஞானம் பிறந்த குழந்தை ‘ழ’வைப் பார்த்ததும் ‘ழி’யைத் தானே போட்டுவிடும். (உகர வரிசை மட்டும் கொஞ்சம் அடம்பிடிக்கும். கு, சு, து, ரு என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. அதைக் கற்கும்போது நாம் எல்லோரும் அரை ஜப்பானியர்கள்.)

கனடாவின் க்ரீ மொழிக்கு ஜேம்ஸ் இவான்ஸ் 1840இல் அமைத்த எழுத்து இன்னும் வேடிக்கை. அதில் உயிரை மாற்ற எழுத்தையே திருப்பி வைக்க வேண்டும். ஒரே முக்கோணம் மேல் பார்த்தால் ஓர் உயிர், பக்கவாட்டில் பார்த்தால் வேறு உயிர். இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று அறிஞர்களே அடித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் 247?

247 என்பது அட்டவணையின் கட்டங்களை எண்ணியது. 12 உயிர், 18 மெய், அவற்றின் பெருக்கமான 216, ஆய்தம் ஒன்று. தப்பான எண் இல்லை. ஆனால் அதை ஆங்கிலத்தின் 26க்குப் பக்கத்தில் நிறுத்துவது மாம்பழத்தையும் மாம்பழக் கூடையையும் ஒப்பிடுவது மாதிரி. ஆங்கிலத்தின் மெய்களையும் உயிர்களையும் பெருக்கி அங்கே யாரும் எண்ணுவதில்லை.

தொல்காப்பியரே 247 என்று சொல்லவில்லை. “அகரமுதல் னகர இறுவாய் முப்பஃது” என்றார். முப்பது, அதற்குமேல் சார்ந்து வருவன மூன்று. நன்னூலார் எல்லாவற்றையும் விரித்து சார்பெழுத்தை மட்டும் 369 என்று கணக்குப் போட்டார். எதை எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். ‘எழுத்து’ என்ற நம் சொல் ஒலியையும் குறிக்கும், எழுதும் வடிவத்தையும் குறிக்கும். இந்த இரட்டை வேடம்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். “247 எழுத்தா, கற்பது ரொம்பக் கஷ்டம்” என்று பயப்படுகிறவர்களிடம் சொல்ல வேண்டியது இதுதான்: முப்பத்திச் சொச்சம் உருவமும் ஒரு கைப்பிடி குறிகளும் போதும், மீதி தானாக வரும்.

புள்ளிக்கு முன்னால்

புள்ளி என்பது சின்ன விஷயமாகத் தெரிகிறது. ஆனால் அது வருவதற்கு முன் நம் ஆட்கள் பட்ட பாடு கல்லிலேயே இருக்கிறது.

பிராமி எழுத்தில் எழுதப்பட்ட பிராகிருதம் என்ற பழைய வட இந்திய மொழியில் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். அதற்கு உள்ளுறை அகரம் வசதி. தமிழில் அப்படியா? மகன், கல், பாய், ஊர் என்று மெய்யில் முடியும் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. ‘மகன்’ என்பதை வெறும் மூன்று எழுத்தாகப் போட்டால் ‘மகன’ ஆகிவிடும். ஆகவே மதுரை மாங்குளம் போன்ற பழைய குகைக் கல்வெட்டுகளில் வேறு ஓர் உத்தி தெரிகிறது. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அதைத் தெளிவாக்கினார். அந்த முறையில் குறி எதுவும் இல்லாத எழுத்து தனி மெய். அகரமோ ஆகாரமோ வேண்டும் என்றால் ஒரு கோடு போட வேண்டும். அந்த முறையில் ‘மகன்’ என்று எழுதினால், இன்றைய பழக்கத்தில் படிப்பவர் ‘மாகான’ என்று படிப்பார்!

யோசித்துப் பாருங்கள்: அந்தக் கடையில் டீ என்றால் சர்க்கரை இல்லாததுதான். வேண்டும் என்றால் கேட்க வேண்டும். அதாவது கொஞ்ச காலம் தமிழ் எழுத்து அபுகிடாவின் அடிப்படை விதியையே கழற்றி வைத்திருந்தது. பின்னால் புள்ளி வந்தது, அகரம் மறுபடி உள்ளே குடியேறியது. புள்ளி வந்த பிறகும் எழுதுபவர்கள் அதை ஒழுங்காக வைக்கவில்லை என்பது வேறு கதை. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் அந்தக் காலத்தில் புள்ளியை நம்பித்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் ஏகார ஓகாரத்துக்கு இன்றைய வடிவங்களை அமைத்த பிறகுதான் அந்தச் சங்கடம் தீர்ந்தது.

மறுபடி அந்தப் படிவம்

கணினியில் தமிழ் பதிவாகும் யூனிகோட் முறை, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி குறியீட்டைத் தழுவியது. அபுகிடா எப்படி இயங்குகிறதோ அப்படியே பாகம் பாகமாகச் சேமிக்கும். ‘க’ ஒன்று. ‘கி’ என்றால் ‘க’, அதன்மேல் ஒரு குறி, ஆக இரண்டு. ‘க்’ என்றால் ‘க’, அதன்மேல் புள்ளி, அதுவும் இரண்டு. ‘வணக்கம்’ நமக்கு ஐந்து எழுத்து, அதற்கு ஏழு. அலைபேசியில் ‘கொ’வை அழிக்கப் போனால் முதலில் கொம்பும் காலும் மட்டும் கழன்று ‘க’ நிற்பது இதனால்தான்.

இது சிலருக்குப் பிடிக்கவில்லை. இலக்கணப்படி ‘க்’தான் மூலம், ‘க’ அதிலிருந்து வந்தது. இங்கே தலைகீழாக இருக்கிறதே என்பது அவர்கள் வாதம். ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் டேஸ்16 என்ற முறையும் உண்டு. தமிழக அரசு 2010இல் அதையும் ஏற்றுக்கொண்டது. அந்த முறையில் எண்ணியிருந்தால் திருநெல்வேலி ஆறாகவே இருந்திருக்கும். புழக்கத்தில் வென்றது யூனிகோட்தான்.

இப்போது கணக்கைப் பிரிக்கலாம். ஒலியாகப் பார்த்தால் த், இ, ர், உ, ந், எ, ல், வ், ஏ, ல், இ. பதினொன்று. ஆங்கிலம் ஒலிக்கு ஒரு கிண்ணம் வைப்பதால் அதுவும் 11. கணினிக்கு தி, ரு, நெ, வே, லி ஐந்தும் இரண்டிரண்டு, ஆகப் பத்து. மிச்சம் நடுவில் நிற்கும் ‘ல்’. ஒலி ஒன்றுதான், ஆனால் ‘ல’வைப் போட்டு, அதிலிருந்து அகரத்தைத் துரத்த ஒரு புள்ளியும் போட வேண்டியிருக்கிறது. அந்தப் புள்ளிதான் பன்னிரண்டாவது ஆள்.

மதுரைக்கு எப்படிக் கதவு திறந்தது என்பதும் இதில் இருக்கிறது. ம், அ, த், உ, ர், ஐ என்று ஒலி ஆறு. கணினிக்கு ஐந்துதான். ‘ம’வின் உள்ளே இருக்கும் அகரத்துக்குக் கட்டணம் இல்லை. எங்கள் ஊர்ப் பெயரில் தேடிப் பார்த்தேன், ஓர் அகரம்கூட இல்லை.